பேரிங் கழலும் சூடு

தாயில்பட்டியில் முனியராஜ் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்ட மாட்டார்கள். பேரிங்காரர் வீடு என்று கேட்க வேண்டும். கிணற்று மோட்டார், சிவகாசி அச்சாபீஸ் ரோலர், மாவு மில் சக்கரம் என்று சுற்ற வேண்டிய எது சுற்றாமல் கீச்சிட்டாலும் அவன் வீட்டு முன்சாய்ப்புக்கு வந்துவிடும். தேய்ந்த பேரிங்கைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுக் கொடுப்பான். ஊரே வெடிக் கம்பெனிக்கு வேன் ஏறும்போது இவன் ஒருத்தன் மட்டும் வீட்டிலிருந்தபடியே பிழைக்கிறானே என்று சிலருக்குப் பொறாமைகூட உண்டு. அந்தப் பொறாமை இந்த வருசம் வைகாசியோடு போய்விட்டது.

புரட்டாசி பிறந்தும் வெயில் இறங்காத ஒரு காலையில் ராம்குமார் அண்ணாச்சி காரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, காலண்டர் அடுக்குகிற அட்டைப்பெட்டி ஒன்றோடு இறங்கினார். முனியராஜ் சாய்ப்பில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு மோட்டார் மூடி இருந்தது. துடைக்கலாம் என்று எடுத்தது. எடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று அவனுக்கே தெரியாது.

ராம்குமார் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறவர். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிறுக்கு இருக்கும். இவருடையது சின்ன விமானம் விடுகிற கிறுக்கு. கண்மாய் வற்றிக் கிடக்கிற மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில், ரெக்கையை விரித்தால் ஒரு ஆள் கைநீளம் இருக்கிற விமானத்தைக் கொண்டுவந்து கிளப்புவார். ஆடு மேய்க்கிறவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு வைதார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அந்த விமானத்தின் மூக்கில் இருப்பது உள்ளங்கையில் அடங்குகிற எஞ்சின். பெரிய எலுமிச்சம்பழம் தண்டிதான் இருக்கும். ஆனால் கத்துகிற கத்தலில் கண்மாய்க் கரையே அதிரும்.

"மூணு இருக்கு முனியராஜ். போன வருசம் ஓட்டிட்டுக் கழுவாம வச்சுட்டேன். இப்ப ஒண்ணும் அசைய மாட்டேங்குது."

முனியராஜ் ஒன்றை எடுத்துச் சுழற்றிப் பார்த்தான். நகரவில்லை. விளக்கெண்ணெயும் மெத்தனால் என்கிற சாராயமும் கலந்த எரிபொருளில் ஓடுகிற எஞ்சின்கள் அவை. கழுவாமல் போட்டால் எண்ணெய் பிசினாக இறுகும், மிச்சமிருக்கிற சாராயத்தண்ணி ஈரத்தை இழுத்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். இந்தப் பாடத்தை அண்ணாச்சிக்கு அவன் வருசா வருசம் சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை சொல்லவில்லை.

"பேரிங் போயிருச்சு அண்ணாச்சி."

"தெரியும். மழை விழுந்து கண்மாய்ல தண்ணி வந்துட்டா அப்புறம் மாசி வரைக்கும் விட முடியாது. அதுக்குள்ள ஒண்ணாவது ஓடுனா நல்லாருக்கும். அவசரமில்ல. ஒங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப." அவர் செருப்புக் காலால் மண்ணைத் தள்ளினார். "வீட்ல..." என்று தொடங்கியவர், "பாப்பா எப்படி இருக்கு?" என்று மாற்றிக்கொண்டார்.

"இருக்கா அண்ணாச்சி. பரீட்சைக்குப் போயிருக்கா."

"சாப்பாடெல்லாம்?"

"அக்கா கொண்டாருது."

கார் போன பிறகு முனியராஜ் பெட்டியை அலமாரியின் மேல் வைத்தான். முன்பென்றால் இந்த எஞ்சின்கள் வந்த அன்று மற்ற வேலையெல்லாம் கிடப்பில் போய்விடும். அவனுக்கு அவ்வளவு பிடித்த வேலை அது.

ஏன் பிடிக்கும் என்றால், அதில் அடி உதை கிடையாது. மோட்டார் பேரிங்கை மூன்று கால் உள்ள புல்லரைப் போட்டு இழுத்துவிடலாம். இந்த எஞ்சினில் பேரிங் அலுமினியக் கூட்டுக்குள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். புல்லரின் கால் நுழைய இடமே இருக்காது. அதை வெளியே கொண்டுவர ஒரே வழி சூடு. சூட்டில் இரும்பைவிட அலுமினியம் கூடுதலாக விரியும். கூட்டைத் தோசைக்கல்லில் கவிழ்த்து, மேலே சட்டியை மூடி, நிதானமாகச் சூடேற்றினால் அது பிடியை விட்டுவிடும். துணியால் பிடித்துப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், பேரிங் தானாக விழுந்துவிடும்.

அதற்கென்று ஓரம் உடைந்த பழைய இரும்புக் கல் ஒன்றை அவன் மனைவி பானுப்பிரியா ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். "இது ஒங்க எஞ்சினுக்கு, நல்ல கல்லு எங்களுக்கு. மாத்தி எடுத்தீகன்னா தோசையெல்லாம் விளக்கெண்ணெ நாறும்" என்பாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம், "எங்க வீட்டாளு எஞ்சினுக்குத் தோசை சுடுதாரு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவள் ஒரு வெடிக் கம்பெனியில் பேன்சி ரகத்துக்கு மருந்து அடைக்கிற ரூமில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கினால் வாசல் வழியாக உள்ளே வர மாட்டாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போவாள். அங்கே தகரத்தட்டி மறைப்பில் தலையோடு தண்ணீர் ஊற்றி, கம்பெனிச் சேலையைத் தனி வாளியில் அமுக்கிவிட்டு, காலையில் கயிற்றில் போட்டுவிட்டுப் போன மாத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு, "குளிச்சாச்சு" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் வருகிற வரைக்கும் வீட்டில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. மருந்துப் பவுடர் முடிக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளிப் பவுடர் நகக்கண்ணில் மினுங்கும். அந்தப் பக்கத்தில் கம்பெனிக்குப் போகிற பெண்கள் உள்ள வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். பானு கொஞ்சம் கூடுதல். முனியராஜ் சாய்ப்பில் வைத்திருந்த ஊதுவிளக்கைக்கூட அவள் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாள். சூடு வேலை எதுவானாலும் சாயங்காலம், அவள் குளித்த பிறகு, அடுப்படியில்தான்.

வைகாசியில் ஒரு நாள் அவள் காலையில் அடுப்பைப் பற்ற வைத்துச் சோறு வடித்தாள். தூக்குச்சட்டியில் தனக்கு எடுத்துக்கொண்டாள். மாத்துச் சேலையைக் கயிற்றில் போட்டுவிட்டு வேன் ஏறினாள். மத்தியானத்துக்கு முன்னால் சத்தம் கேட்டது. தாயில்பட்டியில் சத்தம் கேட்டால் யாரும் உடனே ஓட மாட்டார்கள். முதலில் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். முனியராஜும் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்ததைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். திறக்கவில்லை. குளிப்பாட்டுவதற்கென்று நீர்மாலை எடுத்துவந்த தண்ணீரைக் கட்டின துணியின் மேல் தெளித்துவிட்டுக் கொண்டுபோனார்கள். முகத்தைப் பார்க்காததாலோ என்னவோ அவனுக்கு அழுகை வரவில்லை. இப்போது வரும், பிறகு வரும் என்று சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவனுடைய அக்கா இருளம்மாள் அடுப்பைத் துடைத்து, பொட்டு வைத்து, லைட்டரைக் கையில் எடுத்தாள். முனியராஜ் வந்து அதை வாங்கி ஜன்னலில் வைத்தான். "இருக்கட்டும்க்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்றிலிருந்து அந்த அடுப்பு எரியவில்லை.

பாவம், பொண்டாட்டியை நெருப்புக்குக் கொடுத்தவன், நெருப்பைக் கண்டால் நடுக்கம் என்று ஊர் பேசியது. அவன் மறுக்கவில்லை. அவனுக்கும் வேறு காரணம் தெரியாது.

அக்கா இருளம்மாள் அடுத்த தெருவில் இருந்தாள். அவளும் கம்பெனிக்காரிதான். வேனில் வந்து இறங்கி, தன் வீட்டில் குளித்து, சோறு பொங்கி, இருட்டுகிற நேரத்துக்குத் தூக்குவாளியோடு வருவாள். தீபாவளி சீசன் நெருங்க நெருங்க வேன் வருகிற நேரமும் தள்ளிக்கொண்டே போனது. வேன் பிந்துகிற நாட்களில் முனியராஜ் கடையில் இட்லி வாங்குவான், இல்லாவிட்டால் புரோட்டா. ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் ஓவியா எதைக் கொடுத்தாலும் தின்பாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவளும் சொல்வதில்லை.

"கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன். சூடா இருக்கறப்பவே தின்னுங்க" என்று ஒருநாள் சாயங்காலம் வாளியை இறக்கிவைத்த அக்கா கொல்லைப் பக்கம் போனாள். "ஏலே முனியா, இந்தச் சேலை எம்புட்டு நாளா இங்கனயே கெடக்கு? வெயில்ல ஒரு பக்கம் பூரா வெளுத்துப்போச்சே. எடுத்து மடிச்சு வைக்கட்டா?"

"கெடக்கட்டும்க்கா."

"எதைக் கேட்டாலும் கெடக்கட்டும், இருக்கட்டும். நீ என்னதாம்லே நெனச்சிட்டு இருக்க?"

"ஒண்ணும் நெனைக்கலக்கா."

அது உண்மை. இருளம்மாளுக்கு அதுதான் பயமாக இருந்தது. அழுகிறவனைத் தேற்றிவிடலாம். இவன் சோற்றைப் பிசைகிறான், மோட்டாரைக் கழற்றுகிறான், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், உள்ளே ஆள் இல்லை. அவள் அன்றைக்கே காரியாபட்டிக்குப் போன் போட்டாள்.

அடுத்த நாள் பானுவின் அப்பா ராக்கப்பன் பஸ் ஏறி வந்துவிட்டார். காரியாபட்டிக்குப் பக்கத்தில் வெங்காயமும் பருத்தியும் போடுகிற சம்சாரி. வந்தவர் கட்டிலில் உட்காராமல் நேரே அடுப்படிக்குப் போய், பர்னரில் விரலை வைத்துத் தேய்த்து, தூசியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஒரு வாய்த் தண்ணி குடுங்க மாப்ள. காப்பி கேக்க மாட்டேன். கேட்டா டீக்கடைக்கு ஓடுவீக."

முனியராஜ் பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

"பிள்ளைக்கு வயித்தால போயி ஸ்கூலுக்கு லீவு போட்டுச்சாமே."

"இப்ப சரியாயிருச்சு மாமா."

"கடை புரோட்டாவத் தின்னா எப்படிச் சரியாகும்? நான் ஒங்கள வையிறதுக்கு வரல. ஒங்களுக்குப் பொண்டாட்டின்னா எனக்கு அவ மக. தூக்கி வளத்த கை இது. எனக்கும்தான் ராத்திரி ஒறக்கம் இல்ல. ஆனா காலையில எந்திரிச்சுத் தண்ணி பாய்ச்சத்தான் போறேன். வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நெருப்பக் கண்டா பயமாயிருக்கா மாப்ள? இருந்தாச் சொல்லுங்க. அதுல ஒரு கேவலமும் இல்ல."

முனியராஜ் யோசித்துப் பார்த்தான். பயம் என்று எதுவும் கையில் தட்டுப்படவில்லை. "தெரியல மாமா."

"தெரியலன்னு எம்புட்டு நாளைக்குச் சொல்லுவீக? பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கீக. நாளைக்கு அது பெரிய மனுசி ஆனா ஒரு சுடுதண்ணி வைக்கக்கூட வழியில்லாத வீடா இது? நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. பரீட்சை முடிஞ்ச சனிக்கிழமை வாரேன். அன்னைக்கு இந்த அடுப்பு எரிஞ்சா, ஒரு காப்பித்தண்ணியக் குடிச்சிட்டுப் பேசாம பஸ் ஏறிருவேன். எரியலேன்னா பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்கனயும் பள்ளிக்கூடம் இருக்கு. ஒங்களுக்கும் சொமை கொறையும்."

"சொமையெல்லாம் இல்ல மாமா." மாமா வந்ததிலிருந்து அவன் கொஞ்சம் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஓவியா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா தலையைத் தடவிவிட்டுப் போன பிறகு, "போகணுமாப்பா?" என்று கேட்டாள். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் தானும் இருக்கப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. எங்கே போவான் என்பதுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் போய் நின்றான். லைட்டரை எடுத்தான். கை நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. ஆனால் கை அடுப்பின் திருகுப் பக்கம் போகவே இல்லை. நேரமாகவில்லை, இன்னும் நேரமாகவில்லை என்று யாரோ சொல்வது மாதிரி இருந்தது. லைட்டரை ஜன்னலில் வைத்துவிட்டு இட்லி வாங்கப் போனான்.

மறுநாள் காலையில் அலமாரியிலிருந்து ஓர் எஞ்சினை எடுத்தான். வேலை என்று ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக வரும் என்று நினைத்தானோ என்னவோ. தலையைக் கழற்றி, பிஸ்டனை எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினான். தண்டும் கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டு வந்துவிட்டது. பேரிங் மட்டும் கூட்டுக்குள் பழுப்பேறி உட்கார்ந்திருந்தது.

இதற்குமேல் என்ன செய்ய வேண்டும் என்று இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த நமக்கே தெரியும். அவனுக்குத் தெரியாதா? கூட்டைக் கொண்டுபோய் வைஸ் இடுக்கியில் இறுக்கினான். முன்வாய் வழியாக ஓர் இரும்புக் கம்பியை விட்டான். சுத்தியலை எடுத்து அடித்தான். பேரிங் அசையவில்லை. இன்னும் பலமாக அடித்தான். பத்து வருசமாக யாராவது அப்படி அடிப்பதைப் பார்த்தால், "விடுங்கய்யா, அதென்ன மாட்டுக்கு லாடமா?" என்று பிடுங்கி வைத்திருப்பான். அந்த மனிதன்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். கடைசி அடியில் பேரிங் நகரவில்லை. விமானத்தோடு திருகி மாட்டுகிற எஞ்சினின் காது ஒன்று முறிந்து தரையில் விழுந்து உருண்டது.

சத்தம் கேட்டு ஓவியா வந்தாள். முறிந்த துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, பலகை மேல் வைத்தாள்.

"இதச் சுடத்தானப்பா செய்வ?"

"ம்."

அவள் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படிக்கப் போய்விட்டாள்.

போன் பண்ணிச் சொன்னதும் ராம்குமார் சாயங்காலமே வந்தார். உடைந்த கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைவார் என்று முனியராஜ் காத்திருந்தான். வைதால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"சூடு காட்டலையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி."

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். இருட்டாக, எந்த வாசனையும் இல்லாமல் இருந்த அடுப்படி அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. "சரி விடுங்க. மிச்சம் ரெண்டு இருக்குல்ல. நான் வேணா அதைத் திருப்பி எடுத்துக்கிடட்டா? மதுரையில ஒருத்தர் இருக்காரு, அவர்ட்ட..."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நான் பாக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவர் போன பிறகு யோசித்தான். எஞ்சினும் போய்விட்டால் பிறகு இந்த வீட்டில் சூடு கேட்கிற சாமான் ஒன்றுகூட இருக்காது.

சனிக்கிழமை வந்துவிட்டது. புழுக்கம் தாங்கவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு நின்றது. மழைக்கு முன்னால் லோடு அனுப்ப வேண்டும் என்று கம்பெனியில் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா விடியும்போதே வேன் ஏறிவிட்டாள். போகிற போக்கில் வாசலில் நின்று, "ஏலே, ஒன் கால்ல விழுதேன், இன்னைக்கு மட்டுமாவது அதப் பத்த வச்சிருலே" என்று கெஞ்சிவிட்டுப் போனாள்.

ஓவியா யாரும் சொல்லாமலே பையை எடுத்துத் தன் சட்டைகளை மடித்து வைத்தாள். பாவாடை, சீப்பு, பள்ளிக்கூட அடையாள அட்டை. அம்மாவின் பொட்டு அட்டை ஒன்றையும் வைத்தாள். சாய்ப்பிலிருந்து முனியராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது எஞ்சினைக் கழற்றினான். கை பாட்டுக்கு வேலையைச் செய்தது. தண்டு வந்தது. பேரிங் உள்ளே இருந்தது. கழுவின கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

மாமா வருகிற பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியபோது கொல்லையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. சொம்பு சொம்பாக, நிறுத்தாமல். அந்த இடத்திலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. இப்போதெல்லாம் அவனும் மகளும் வாசல் குழாயடியில்தான் குளிக்கிறார்கள். கூட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து உள்ளே போனான்.

ஓவியா கொல்லைக் கதவு வழியாக வந்தாள். வேறு பாவாடை கட்டியிருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"காலையிலதானத்தா குளிச்ச?"

"திரும்பக் குளிச்சேன்."

"எதுக்கு?"

"அம்மா குளிக்கலைல்லப்பா."

அவன் கையிலிருந்த கூட்டை மேடையில் வைத்தான்.

"அன்னைக்கு வேன்ல போனவ வந்து குளிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியிலருந்து கொண்டாந்தப்பவும் யாரும் குளிப்பாட்டல. துணி மேல தெளிச்சுத்தான விட்டாக? அதான நீ அடுப்பப் பத்த வைக்கல?"

அவன் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. நேரமாகவில்லை, நேரமாகவில்லை என்று இத்தனை நாள் காதுக்குள் கேட்டது என்ன என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவள் கொல்லையிலிருந்து குரல் கொடுப்பாள் என்று அவன் காத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். பிள்ளை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள், அவளும் கூடவே காத்திருந்திருக்கிறாள்.

"அதான் அவளுக்குப் பதிலா நான் குளிச்சிட்டேன். தலைக்கும் ஊத்திட்டேன்." ஓவியா இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "நகத்துல எல்லாம் தேச்சாச்சு. பவுடர் ஒண்ணும் இல்ல பாரு. பத்த வைப்பா. எனக்குக் காரியாபட்டிக்குப் போக வேண்டாம்."

முனியராஜுக்கு நெஞ்சுக்குள் வலித்தது. மரத்துப்போன காலை ஊன்றும்போது வலிக்குமே, அப்படி வலித்தது. மகளின் ஈரத் தலையில் கை வைத்தான். பிறகு ஜன்னலில் இருந்த லைட்டரை எடுத்தான். சிலிண்டரைத் திறந்தான். அடுப்பைத் திருகி லைட்டரை அழுத்தினான். பிடிக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினான். பொக்கென்று நீலமாகப் பிடித்துக்கொண்டது. தூசி எரிகிற வாடை அடித்து, கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

"எந்தக் கல்லு?" என்றாள் ஓவியா. கேட்டுவிட்டு அவளே பரணுக்கடியிலிருந்து ஓரம் உடைந்த கல்லை இழுத்து வந்தாள்.

அவன் கூட்டைக் கல்லில் கவிழ்த்துச் சட்டியை மூடினான். பக்கத்து அடுப்பில் ஓவியா காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் விளக்கெண்ணெய் காய்கிற வாடை எழும்பி வீட்டை நிறைத்தது. முனியராஜ் சட்டியைத் தூக்கி, விரலால் ஒரு துளி தண்ணீர் தெளித்தான். சுர்ரென்று துள்ளி ஓடியது. இன்னும் கொஞ்சம் பொறுத்தான். இந்த வேலையில் அவசரப்படாமல் இருப்பதுதான் வேலையே. பிறகு துணியைச் சுற்றிக் கூட்டைப் பிடித்து, மணைப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினான்.

டக்கென்று பேரிங் விழுந்தது. பலகையில் அரை வட்டம் ஓடி நின்றது.

"விழுந்துருச்சு" என்றாள் ஓவியா.

"விழுந்துருச்சு."

முன்பக்கத்தில் இருந்த இன்னொரு சின்ன பேரிங்கையும் அந்தச் சூட்டோடு மரக்குச்சியால் உள்ளிருந்து தள்ளினான். அதுவும் வந்துவிட்டது. எவ்வளவு லேசாக வந்தது என்று அவன் அந்த இரண்டு வளையங்களையும் பார்த்துக்கொண்டு நின்றபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னத்த வறுக்கீக மாப்ள? விளக்கெண்ணெ நாத்தம் தெருமுக்கு வரைக்கும் வருது." ராக்கப்பன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். எரிகிற அடுப்பைப் பார்த்தார். பலகையில் கிடந்த எஞ்சின் கூட்டைப் பார்த்தார். பேத்தியின் ஈரத் தலையைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

ஓவியா கடுங்காப்பியை டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊதி ஊதிக் குடித்தார்.

"சீனி கூடிப்போச்சு" என்றார். இன்னும் ஒரு மடக்குக் குடித்தார். "அரைப் பரீட்சை லீவுக்குப் பிள்ளைய அனுப்பி வைங்க மாப்ள. பத்து நாளு இருந்துட்டு வரட்டும்."

"சரி மாமா."

ஓவியா பையிலிருந்து சட்டைகளை எடுத்துத் திரும்பவும் அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் இருளம்மாள் ஓடிவந்தாள். கம்பெனியில் மழைக்குப் பயந்து சீக்கிரம் விட்டிருந்தார்கள். பஸ்ஸைவிட்டு ராக்கப்பன் இறங்கிப் போனதை, அவள் வேன் இறங்கியதும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல், வேன் நின்ற இடத்திலிருந்து நேரே வந்துவிட்டாள். "மாமா, கொஞ்சம் பொறுங்க, அவன் மேல கோவிச்சுக்கிடாதீக" என்று மூச்சிரைத்தவள், அடுப்படிக்குள் நீலமாகத் தெரிந்த சுவாலையைக் கண்டாள். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. "ஏலே முனியா! பத்த வச்சிட்டியாலே!" என்று உள்ளே பாய்ந்தாள்.

"அத்தே, நில்லு!"

"அக்கா, உள்ள வராத!"

அப்பனும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் அவ்வளவு பெரிய சத்தம் எழும்பியதில்லை. ராக்கப்பன் டம்ளரில் இருந்த காப்பி சட்டையில் சிந்தியது. இருளம்மாள் நிலைப்படியில் அப்படியே நின்று, குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். முந்தானை பூராவும் வெள்ளிப் பவுடர் மினுங்கியது.

"ஆத்தாடி" என்று பின்னால் நகர்ந்தாள். "புத்தி கெட்டுப்போச்சே எனக்கு." வாசலில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். தகரத்தட்டி கிறீச்சிட்டது. வாளி நகர்கிற சத்தம், பிறகு முதல் சொம்புத் தண்ணீர்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது. "ஏலே, குளிச்சிட்டு எதக் கட்ட? மாத்துச் சேலை ஒண்ணு எடுத்துக் குடுலே."

முனியராஜ் பீரோவைப் பார்த்தான். பானுவின் சேலைகள் அதில் அடுக்கு அடுக்காக இருந்தன. எதையாவது ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம். அவன் எழுந்திருக்கவில்லை.

"அங்கன கயித்துலயே கெடக்கு பாருக்கா" என்றான். "அத எடுத்துக் கட்டிக்க."

கொல்லையில் சத்தம் நின்றுவிட்டது.

"அதையாலே?"

"அதத்தான்."

மறுபடியும் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் தொடங்கியது. தலையில் விழுந்து, தோளில் விழுந்து, கல்லில் சிதறி ஓடுகிற சத்தம். முனியராஜ் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவன் துடைக்கவில்லை. ராக்கப்பன் காலி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிச்சாச்சு" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது.

ஓவியா அரிசிப் பானையைத் திறந்து, உலைக்கு அரிசி அளந்தாள்.